73 மடங்கு... போதும்டா சாமி!

மறுபடியும் வந்துடுச்சு. "பிளாட்டினத்துக்கு மாற்று கண்டுபிடிப்பு! ஹைட்ரஜன் கார் விலை இனி தரைமட்டம்!" காலேஜ் வாட்ஸப் குழுவுல ஒரு நண்பர், குடும்பக் குழுவுல சித்தப்பா, ரெண்டு பேரும் ஒரே நாள்ல அனுப்பியிருந்தாங்க. இணைப்பைத் திறந்து நாலாவது பத்தி வரைக்கும் போனாத்தான் அந்த "மாற்று" என்னன்னு தெரியுது. பிளாட்டினமும் நிக்கலும் கலந்த உலோகக்கலவை. அதாவது பிளாட்டினத்துக்கு மாற்று பிளாட்டினம். காபி வேண்டாம்னு சொன்னவருக்கு கொஞ்சம் சிக்கரி தூக்கலா போட்டு அதே டம்ளரை நீட்டின மாதிரி.

சித்தப்பாவைக் குறை சொல்லலை. நானும் இதைச் செஞ்சவன்தான். 2016-ல இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தப்போ, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழக ஆட்கள் 'சயின்ஸ்' இதழ்ல பிளாட்டினம் நானோ கம்பி பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. அதைப் படிச்ச வேகத்துல (படிச்சேன்னா, சுருக்கத்தை மட்டும்) "இன்னும் 5 வருஷத்துல தெருவெல்லாம் ஃப்யூயல் செல் கார்"னு ஒரு பதிவு போட்டேன். நாலு பேர் "அருமை"ன்னு பின்னூட்டம் போட்டாங்க. 5 வருஷம் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. எங்க தெருவுல ஷேர் ஆட்டோ தான் ஓடுது. இந்தப் பதிவை அதுக்குப் பிராயச்சித்தம்னு வெச்சுக்கங்க. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க ராத்திரி வந்து படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் வேதியியல் ஆள் கிடையாது. பொட்டி தட்டி சம்பாதிக்கிறவன். இதுல எனக்குத் தெரிஞ்சதுல பாதி, கூடப் படிச்ச ஒரு நண்பன் டீக்கடையில உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. அவன் இதே துறையில முனைவர் பட்டம் வாங்கினவன். பேர் வேண்டாம். அவன் கதை கடைசியில வரும்.

சரி, ஃப்யூயல் செல்லுக்குள்ள என்ன நடக்குது? ஒரு பக்கம் ஹைட்ரஜன் போகும். அது புரோட்டானும் எலக்ட்ரானுமா பிரியும். புரோட்டான் நடுவுல இருக்கிற சவ்வு வழியா அந்தப் பக்கம் போயிடும். எலக்ட்ரான் வெளியில கம்பி வழியா சுத்திக்கிட்டு, போற வழியில மோட்டாரை ஓட்டிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேரும். அங்க காத்துல இருக்கிற ஆக்சிஜன் இவங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்கிட்டுத் தண்ணியா மாறும். ஹைட்ரஜன் பக்கம் சுலபம், துளி பிளாட்டினம் இருந்தா போதும். சிக்கல் எல்லாம் ஆக்சிஜன் பக்கம். ஒரு மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான், 4 புரோட்டான் வந்து சேரணும், ரெண்டு ஆக்சிஜன் அணுவுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பும் உடையணும். கணக்குப்படி 1.23 வோல்ட் வரணும். நல்லா வேலை வாங்கும்போது கையில கிடைக்கிறது 0.6, 0.7 தான். காணாம போறதுல பெரும்பகுதி ஆக்சிஜன் பக்கத்து மந்தத்தால போறது.

ஏன் இந்த மந்தம்? பிளாட்டினம் ஆக்சிஜனைக் கொஞ்சம் அதிகமாவே பிடிச்சு வெச்சுக்குதுன்னு 2004-ல டென்மார்க்கைச் சேர்ந்த நோர்ஸ்கோவ் குழு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஊர்ல அத்தை வீட்டுக்குப் போன மாதிரின்னு வெச்சுக்கங்களேன். வரவேற்பெல்லாம் பிரமாதம். ஆனா "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சுடுவாங்க. அடுத்த விருந்தாளிக்குத் திண்ணையில இடம் கிடையாது. இப்போ நிக்கலோ கோபால்ட்டோ மாதிரி சின்ன அணுக்களை அடியில கலந்தா, மேல இருக்கிற பிளாட்டினம் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு நெருக்கி உட்காருது. அதோட எலக்ட்ரான்களோட ஆற்றல் கொஞ்சம் கீழ இறங்குது, பிடி தளருது. ஒரு 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத் தளர்ந்தா உச்சத்தைத் தொடலாம். அதுக்கு மேல தளர்ந்தா அத்தை கதவையே திறக்க மாட்டாங்க. உலோகக்கலவை சமாச்சாரம் மொத்தமும் இவ்வளவுதான். அழகான யோசனை, அதுல எனக்குச் சண்டையே இல்லை.

2007-ல அமெரிக்காவுல ஆர்கான் தேசிய ஆய்வகத்துல ஸ்டாமென்கோவிச், மார்கோவிச் குழு இதைப் பளிங்கு மாதிரி நிரூபிச்சுக் காட்டினாங்க. மூணு பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு நிக்கல், ஒரே படிகம், குறிப்பிட்ட ஒரு முகம். அதே முகம் கொண்ட சுத்தப் பிளாட்டினத்தை விட 10 மடங்கு, கடையில வாங்கற கார்பன் மேல தூவின பிளாட்டினத்தை விட 90 மடங்கு சுறுசுறுப்பு. அது காருக்குள்ள போகப் போற பொருள்னு யாரும் நினைக்கலை. படிகத்தை வெட்டி மெருகேத்தி, வெற்றிடத்துல சூடாக்கி, இயற்கை எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டாங்க, பதில் கிடைச்சுது. நல்ல அறிவியல். ஆனா அந்த "90 மடங்கு"ங்கிற ஒரு எண் இருக்கே, அதைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் சாமி வந்துடுச்சு.

அப்புறம் ஏலம். 2014, பெர்க்லியும் ஆர்கானும் சேர்ந்து: பிளாட்டினம்-நிக்கல் நானோ சட்டம், எடைக்கு எடை 36 மடங்கு. 2015, லாஸ் ஏஞ்சலஸ்: மாலிப்டினம் தூவின பிளாட்டினம்-நிக்கல் எண்முகத் துகள், 73 மடங்கு. 2016, அதே ஊர்: பிளாட்டினம்-நிக்கல் கம்பியில இருந்து நிக்கலை உருவி எடுத்துட்டு, மிச்சமிருக்கிற கரடுமுரடான பிளாட்டினம் கம்பி, ஒரு மில்லிகிராமுக்கு 13.6 ஆம்பியர். எல்லாமே 'சயின்ஸ்' இதழ். நான் பதிவு போட்டது இந்தக் கடைசி ஆளுக்குத்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 0.9 வோல்ட்டுல ஒரு மில்லிகிராம் பிளாட்டினத்துக்கு 0.44 ஆம்பியர். இதுதான் அமெரிக்க எரிசக்தித் துறை 2020-க்குன்னு வெச்ச இலக்கு. 13.6-ஐ 0.44-ஆல வகுத்துப் பாருங்க. 30 மடங்குக்கும் மேல. 2020-ல எட்ட வேண்டிய இலக்கை 2016-லயே 30 மடங்கு தாண்டியாச்சுன்னா கதை அங்கயே முடிஞ்சிருக்கணுமே? ஆய்வகத்தைப் பூட்டி சாவியைக் கொடுத்துட்டு எல்லாரும் வேற வேலை பார்க்கப் போயிருக்கணுமே? ஏன் போகலை?

ஏன்னா, இலக்கு ஃப்யூயல் செல்லுக்குள்ள அளக்கிறதுக்கு வெச்சது. அந்த 13.6 கண்ணாடிக் குடுவையில அளந்தது.

இதுக்கு மேல நீங்க எல்லாரும் சொல்லிடுவீங்க. நம்ம பதிவர்கள்ல பாதிப்பேர் பொட்டி தட்டுறவங்கதானே. "என் மெஷின்ல ஓடுதே சார்!" அதே வியாதி, கோட் போட்டுக்கிட்டு.

அந்தக் குடுவை எப்படி இருக்கும்னு சொல்றேன். 5 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு கார்பன் வட்டு, சட்டைப் பொத்தான் மாதிரி பாதி இருக்கும். அதுமேல சில மைக்ரோகிராம் வினையூக்கியை மை மாதிரி ஒரு சொட்டு விட்டு உலர்த்தணும். சுத்தமான பெர்குளோரிக் அமிலத்துல முக்கி, ஆக்சிஜன் ஊதிவிட்டு, நிமிஷத்துக்கு 1600 சுத்து சுத்த விடணும். பெரும்பாலும் அறை வெப்பநிலை. பெர்குளோரேட் அயனி பிளாட்டினத்து மேல ஒட்டாது, ரொம்ப சாது. தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் கொஞ்சம்தான், அதனால என்ன தலைகீழா நின்னாலும் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லி ஆம்பியருக்கு மேல வராது. வட்டோட பரப்பு 0.2 சதுர சென்டிமீட்டர் கூட இல்லை. ஆக மொத்தம் வர்ற மின்சாரம் 1 மில்லி ஆம்பியர் சொச்சம்.

இந்தப் பக்கம் 2014 டிசம்பர்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரை எடுத்துக்கங்க. 370 செல் அடுக்கி 114 கிலோவாட். செல்லுக்கு 0.65 வோல்ட்னு தோராயமா வெச்சாக்கூட ஒவ்வொரு செல் வழியாவும் 470 ஆம்பியர் ஓடணும். 80 டிகிரி பக்கம் வெப்பம். ஆக்சிஜன் காத்துல இருந்து வரணும். உள்ள உருவாகிற தண்ணி வெளிய போகணும். பிளாட்டினத்தைச் சுத்தி சாதுவான பெர்குளோரேட் கிடையாது. சவ்வு செய்யற அதே நஃபியான் வகைப் பாலிமர் படலமா போர்த்தியிருக்கும். அதோட சல்போனேட் முனைகள் பிளாட்டினத்து மேலயே போய் ஒட்டிக்கும். ஆக்சிஜன் அந்தப் படலத்தையும் துளைச்சுக்கிட்டுத்தான் உள்ள வரணும். சதுர சென்டிமீட்டருக்குன்னு பார்த்தா குடுவையை விட 200, 300 மடங்கு மின்சாரம். தெப்பக்குளத்துல நீச்சல் அடிச்சவனை ஐப்பசி மாசத்துக் கடல்ல தள்ளிவிடற மாதிரி.

இன்னொரு கூத்து இருக்கு. நண்பன் சொன்னப்போ நான் நம்பலை, வீட்டுக்கு வந்து எக்செல்ல போட்டுப் பார்த்தேன். குடுவையில அளக்கிற மின்சாரத்துல ரெண்டு தடை கலந்திருக்கும். ஒண்ணு வினையூக்கியோட வேகம், இன்னொண்ணு ஆக்சிஜன் வந்து சேர்ற வேகம். முதலாவதை மட்டும் பிரிச்சு எடுக்க ஒரு சூத்திரம். அளந்த மின்சாரத்தை உச்சவரம்பால பெருக்கி, உச்சவரம்புக்கும் அளந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுக்கணும். உச்சவரம்பு 6, அளந்தது 3-ன்னா விடை 6. வம்பில்லை. ஆனா வினையூக்கி ரொம்ப கெட்டிக்காரன்னா 0.9 வோல்ட்லயே உச்சவரம்புக்குப் பக்கத்துல போயிடும். அளந்தது 5.4-ன்னு வைங்க. விடை 54. அதையே 5.5-ன்னு படிச்சிருந்தா? விடை 66. அளவையில 2 சதவீதம் வித்தியாசம், விடையில 22 சதவீதம். ஏறக்குறைய சைபரால வகுத்துட்டு "பாருங்க எவ்ளோ பெரிய எண்"னு சந்தோஷப்படற கதை. நம்ம ஆபீஸ்ல ஒரு ஜூனியர் பையன் இப்படி கோட் எழுதினா ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்க விட்டிருப்போம். தெரிஞ்சவங்க இந்த நிலைமை வராம வட்டுல பொருளைக் குறைச்சுப் போட்டு அளப்பாங்க. எல்லாரும் அப்படிச் செய்யறதில்லை.

அப்புறம் "மடங்கு". எதோட மடங்கு? 2015 கட்டுரையில மில்லிகிராமுக்கு 6.98 ஆம்பியர், 73 மடங்கு. அப்போ ஒப்பிட்ட கடைப் பிளாட்டினம் 0.096-க்குக் கிட்ட இருந்திருக்கணும், வகுத்துப் பார்த்தா தெரியும். ஆனா கடையில வாங்கற அதே மாதிரிப் பொடியை மையை நல்லாக் கலக்கி, படலத்தை ஒரே சீரா உலர்த்தி அளந்தா அதைப் போல ரெண்டு மூணு மடங்கு வரும். கருப்பு வட்டுல காபிக் கறை மாதிரி ஓரத்துல வளையம் கட்டினா குறையும், சமமாப் படிஞ்சா கூடும். 0.3-ஓட ஒப்பிட்டிருந்தா தலைப்புல 73 இல்லை, 23. பொருள் அதேதான். அது மட்டமான பொருள்னு நான் சொல்லலை, 23-ம் பெரிய எண்தான். என் கேள்வி, ஒப்பிடற ஆளை எவ்வளவு அக்கறையா ஓட விட்டீங்க? பக்கத்து வீட்டுப் பையனைக் காய்ச்சலோட பந்தயத்துல நிக்க வெச்சுட்டு நம்ம பையன் ஜெயிச்சான்னு சாக்லேட் கொடுக்கலாமா?

இதெல்லாம் அளவைத் தகராறு. இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. அந்த நிக்கல் அங்க நிக்காது.

நஃபியான் சாதாரண அமிலம் இல்லை, படு காட்டமான அமிலம். நிக்கலுக்கு அமிலம்னாலே கரையறதுதான் சுபாவம். மேல பிளாட்டினம் தோல் மூடியிருக்கிற வரைக்கும் தப்பிக்கும். 2013-ல ஜெர்மனியில பீட்டர் ஸ்ட்ராஸர் குழுவும் யூலிஷ் ஆய்வக ஆட்களும் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழ்ல ஒரு வேலை போட்டாங்க. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டுரை அது. எல்லாரும் கொண்டாடற எண்முகத் துகளை மின்னணு நுண்ணோக்கியில வெச்சு அணு அணுவாப் பார்த்தாங்க. துகளோட விளிம்புகள்ல பிளாட்டினம் அதிகம், முகங்கள்ல நிக்கல் அதிகம். அதாவது எந்த முகத்துக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அந்த முகம்தான் சொத்தைப் பல் மாதிரி முதல்ல அரிச்சுப் போகுது. வோல்ட்டேஜை ஏத்தி இறக்கி ஓட்டினா முகங்கள் குழிஞ்சு, வெறும் விளிம்பு எலும்புக்கூடு மிஞ்சுது. கார்ல ஆக்சிலரேட்டரை மிதிச்சு விடற ஒவ்வொரு தடவையும் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். சென்னை டிராபிக்ல அண்ணாசாலையில ஒரு தடவை போய்ட்டு வந்தா எத்தனை தடவைன்னு எண்ணிக்கங்க.

கரைஞ்ச நிக்கலோ கோபால்ட்டோ காணாமப் போறதும் இல்லை. சவ்வுக்குள்ள புரோட்டான் உட்கார வேண்டிய இருக்கையில துண்டு போட்டு உட்கார்ந்துக்கும். புரோட்டான் நகர்றது குறையும், செல் மக்கர் பண்ணும். இரும்பா இருந்தா இன்னும் மோசம். ஹைட்ரஜன் பெராக்சைடோட சேர்ந்து சவ்வையே அறுக்கிற ரேடிக்கல்களை உண்டாக்கும். அதனாலதான் குடுவையில நல்லா ஓடற பிளாட்டினம்-இரும்பைப் பார்த்தா செல் கட்டுறவங்க தயங்குவாங்க. எரிசக்தித் துறை இலக்குல 0.44-க்குப் பக்கத்துலயே இன்னொரு வரியும் உண்டு. 30,000 தடவை வோல்ட்டேஜை ஏத்தி இறக்கின பிறகு இழப்பு 40 சதவீதத்துக்குள்ள இருக்கணும். இந்த ரெண்டாவது வரியை எந்த வாட்ஸப் செய்தியிலயாவது பார்த்திருக்கீங்களா?

இப்போ சரித்திரம் கொஞ்சம். பிளாட்டினம் செலவை நிஜமாவே பத்துல ஒண்ணாக் குறைச்ச ஆள் யார் தெரியுமா? உலோகக்கலவை இல்லை.

1960-கள்ல ஜெமினி விண்கலத்துக்காக ஜெனரல் எலக்ட்ரிக் இந்தச் சவ்வு வகைச் செல்லைக் கட்டின காலத்துல பிளாட்டினக் கருப்பை அப்பி வைப்பாங்க. சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் அளவுக்கு. விண்வெளிக்குப் போறவங்களுக்கு என்ன, அரசாங்கக் காசு. 1980-கள்ல லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல ரெய்ஸ்ட்ரிக், சுப்ரமணியம் ஸ்ரீனிவாசன் (பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நீங்களும் உட்காருவீங்க), காட்டெஸ்ஃபெல்ட் இவங்கெல்லாம் ஒரு காரியம் பண்ணினாங்க. கார்பன்ல தூவின பிளாட்டினம் மின்முனையை எடுத்து அதுல நஃபியான் கரைசலை ஊற வெச்சாங்க. அவ்வளவுதான். அதுவரைக்கும் சவ்வைத் தொட்டுக்கிட்டிருந்த பிளாட்டினத்துக்கு மட்டும்தான் புரோட்டான் கிடைச்சுது, மிச்சமெல்லாம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டிருந்துச்சு. ஊற வெச்சதும் உள்ள இருந்த பிளாட்டினம் எல்லாத்துக்கும் வேலை வந்துடுச்சு. 4 மில்லிகிராம் 0.4 ஆச்சு. 1992-ல அதே இடத்துல வில்சனும் காட்டெஸ்ஃபெல்டும் பிளாட்டினப் பொடியையும் நஃபியானையும் மையாவே கலந்து மெல்லிசாப் பூசினாங்க, அளவு இன்னும் இறங்குச்சு. புது உலோகம் கிடையாது, புது வடிவத் துகளும் கிடையாது. சோத்துல குழம்பு நல்லாப் பிசைஞ்ச வேலை.

உலோகக்கலவை சும்மான்னு சொல்ல வரலை. 1980-கள்லயே பாஸ்பாரிக் அமில ஃப்யூயல் செல்லுக்குப் பிளாட்டினத்தோட குரோமியம், கோபால்ட் எல்லாம் கலந்து பார்த்தாங்க, பலன் கிடைச்சுது. ஸ்ரீனிவாசனே 1990-கள்ல முகர்ஜியோட சேர்ந்து சவ்வு வகைச் செல்லுக்குள்ள இந்தக் கலவைகளை ஆராய்ஞ்சார். செல்லுக்குள்ள வெச்சு அளந்தா கிடைச்சது 2 மடங்கு, 3 மடங்கு. ஜெனரல் மோட்டார்ஸ்ல காஸ்டைகர், கோச்சா குழு 2005-ல எழுதின பெரிய கட்டுரையும் அந்த அளவைத்தான் சொல்லுது. அந்த 2, 3 மடங்குதான் பல வருஷம் கழுவி, சலிச்சு, பிளாட்டினம்-கோபால்ட்டா மிராய்க்குள்ள ஏறி ரோட்டுல ஓடுச்சு. 36 ஏறலை. 73-ம் ஏறலை.

எனக்கு இந்த விஷயத்துல ஒரு ஹீரோ உண்டு. லாஸ் அலமோஸ்லயும் பிரவுன் பல்கலைக்கழகத்துலயும் செஞ்ச கோபால்ட்-பிளாட்டினம், 2019-ல 'ஜூல்' இதழ்ல அச்சுல வந்தது. பாதிக்குப் பாதி கலவை. ஆனா அணுக்கள் இஷ்டத்துக்கு உட்காராம ஒரு அடுக்கு கோபால்ட், ஒரு அடுக்கு பிளாட்டினம்னு வரிசையா உட்கார்ந்திருக்கும். மேல மெல்லிசாப் பிளாட்டினம் தோல். வரிசையில உட்கார்ந்த கோபால்ட்டை அமிலம் சுலபமாக் கிளப்ப முடியாது. நிஜ செல்லுக்குள்ள வெச்சு அளந்தா 0.56 ஆம்பியர். 80 டிகிரியில 30,000 தடவை ஏத்தி இறக்கின பிறகு இழப்பு 19 சதவீதம். அவ்வளவுதான் செய்தி. 0.56! வாட்ஸப்ல யாராவது அனுப்புவாங்களா இதை? ஆனா அந்த 13.6-ஐ விட இந்த 0.56-க்குத்தான் நான் இன்னைக்குக் கை தட்டுவேன்.

இதைச் சொன்னா ரெண்டு பதில் வரும், வந்திருக்கு.

ஒண்ணு, "அடிப்படை அறிவியல்னு ஒண்ணு இருக்கு தம்பி, எல்லாத்தையும் கார்ல ஓட்டிப் பார்க்கக் கூடாது." முழுசா ஒத்துக்கறேன். 2007 படிகத்தை நான் கும்பிடறதே அதுக்காகத்தான். ஆனா அடிப்படை அறிவியல்னா முதல் பத்தியில எதுக்குங்க கார் வருது? இந்த ரகக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்க. முதல் வரி "புவி வெப்பமடைதல்", ரெண்டாவது வரி "ஃப்யூயல் செல் வாகனம்", கடைசி வரி "நடைமுறைப் பயன்பாட்டுக்கு வழி வகுக்கும்". நடுவுல 1 மில்லி ஆம்பியர். காசு கேட்கும்போது கார், கேள்வி கேட்கும்போது அடிப்படை அறிவியலா?

ரெண்டு, "செல் கட்டி அளக்க வசதி இல்லை. குடுவைக்கு மைக்ரோகிராம் போதும், செல்லுக்கு நூத்துக்கணக்கான மில்லிகிராம் வேணும், வசதி இல்லாத ஆய்வகம் என்ன பண்ணும்?" இது நியாயமான கேள்வி. குறிப்பா நம்ம ஊர்ல. ஆனா நடுவாந்தரமா ஒரு வழி வந்தாச்சு. வட்டுக்குப் பதிலா வாயு ஊடுருவும் மின்முனையை வெச்சு, கொஞ்சம் பொருளை வெச்சே நிஜ செல் அளவு மின்சாரத்துல அளக்கிற அரைச்செல் கருவி. ஐரோப்பாவுல பல ஆய்வகங்கள் இதை வெச்சு ஒருத்தர் எண்ணை இன்னொருத்தர் சரிபார்க்கறாங்க. இந்த வசதியும் இல்லைன்னா பரவாயில்லை, "இது குடுவையில அளந்தது, செல்லுக்குள்ள எப்படின்னு தெரியாது"ன்னு சுருக்கத்துல ஒரு வரி எழுத எந்தக் கருவி வேணும்?

இதுல என்ன கெட்டுப் போச்சு, யாரோ எங்கயோ எண்ணைக் கூட்டிச் சொல்றாங்க, உனக்கென்னன்னு கேட்கலாம். ஃப்யூயல் செல்லை நம்பினவங்க கார்ல இருந்து லாரிக்கு நகர்ந்துட்டிருக்காங்க. கலிபோர்னியாவுல 2024 பிப்ரவரியில ஷெல் கம்பெனி காருக்கான தன்னோட ஹைட்ரஜன் நிலையங்களை மூடிட்டுப் போயிடுச்சு. லாரின்னா 5,000 மணி நேரம் உழைச்சா போதாது, 25,000 மணி நேரம் தாங்கணும். அங்க தேவை அதிவேகம் இல்லை, ஆயுசு. பிளாட்டினத்தைக் குறைச்சா ஒவ்வொரு துகளுக்கும் வர வேண்டிய ஆக்சிஜன் போர்வைக்குள்ள மூச்சுத் திணறுதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் கோங்கனன்டும் மதியாஸும் 2016-லயே எழுதிட்டாங்க. அந்த 13.6 வந்த அதே வருஷம்! எது பிரச்சினைன்னு ஒரு பக்கம் தெளிவா எழுதி வெச்சிருக்கு. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஏற்கனவே தீர்ந்து போன பிரச்சினையில இன்னும் ஒரு மடங்கு கூட்டறதுக்காக ராத்திரி பகலா எண்முகத்தை வேற வேற கோணத்துல வளர்த்துட்டிருக்காங்க. அவங்க வருஷத்தை யார் திருப்பித் தர்றது?

என் நண்பன் அதுல ஒருத்தன். எந்த நிறுவனம், எந்த இதழ்ங்கிறது வேண்டாம். மூணு வருஷம் பிளாட்டினம்-நிக்கல் எண்முகம் வளர்த்தான். குடுவையில 20 மடங்கு வந்துச்சு. பையன் கொஞ்சம் கிறுக்கன், அத்தோட விடாம, இன்னொரு ஊர் ஆய்வகத்துல கெஞ்சிக் கூத்தாடி செல் கட்டி அளந்தான். பஸ்ல மடியில டப்பாவை வெச்சுக்கிட்டுப் போனான், கிட்டத்தட்ட ஒரு கிராம் பொடி, எட்டு மாச உழைப்பு. செல்லுக்குள்ள கடைப் பிளாட்டினத்தோட தோளோடு தோள் நின்னுச்சு. அவ்வளவுதான், தாண்டலை. மின்சாரத்தைக் கூட்டினா அதை விடக் கீழ போச்சு. 10,000 சுத்து ஓட்டிட்டுப் பார்த்தா நிக்கல் பாதிக்கு மேல சவ்வுக்குள்ள.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எங்க எதனால விழுதுன்னு பிரிச்சு எழுதி அனுப்பினான். இந்தத் துறைக்குத் தேவைப்பட்ட கட்டுரை அதுதான்னு நான் இன்னைக்கும் சொல்வேன். ஒரு மதிப்பீட்டாளர், "20 மடங்கு என்பது ஏற்கனவே வெளியான எண்களை விடக் குறைவு"ன்னு எழுதினார். இன்னொருத்தர், "செல் முடிவுகள் கட்டுரையின் தாக்கத்தைக் குறைக்கின்றன"ன்னு எழுதினார். நிராகரிப்பு. வழிகாட்டி கூப்பிட்டு செல் பகுதியைத் தூக்கிடச் சொன்னார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியலை, பையனுக்கு வயசாகுது, பட்டம் வேணும், வீட்டுல தங்கச்சி கல்யாணம். தூக்கினான். வேற இதழுக்கு அனுப்பினான். ஆறு வாரத்துல ஏத்துக்கிட்டாங்க. தலைப்புல "20 மடங்கு", கடைசி வரியில "நடைமுறைப் பயன்பாட்டுக்கு வழி வகுக்கும்".

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். இப்போ பேட்டரி கம்பெனியில இருக்கான். வாட்ஸப்ல வந்த அந்த "மாற்று" செய்தி மாதிரி ஒண்ணைக் காட்டினேன். சிரிச்சான். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பழைய வரைபடத்தைக் காட்டினான். நீலக் கோடு கடைப் பிளாட்டினம், சிவப்புக் கோடு அவனோடது. சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் வரைக்கும் ரெண்டும் ஒட்டிக்கிட்டே வருது, அங்கிருந்து சிவப்பு கீழ இறங்குது. அச்சுக்கெல்லாம் ஒழுங்கா அலகு போட்டு, பிழை வரம்பு போட்டு, மூணு செல்லோட சராசரி. "தூக்கியது"ன்னு பேர் வெச்ச ஃபோல்டர்ல இருக்கு.